அச்சில் வாடும் வாடாமல்லி

பட்டுப்புடவைக் கடை ஒன்றுக்காக 48 பக்கக் கையேடு வடிவமைத்துக் கொடுத்தேன். என் கணினித் திரையில் வாடாமல்லி நிறப் புடவை கண்ணைப் பறித்தது. அச்சாகி வந்த ஆர்ட் பேப்பரில் அதே புடவை, பல தடவை வெளுத்துக் காயப்போட்ட துணி மாதிரி மங்கிக் கிடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த அரக்கு நிறப் புடவைக்கு ஒரு குறையும் இல்லை. மஞ்சளும் குங்குமச் சிவப்பும் செழிப்பாகவே விழுந்திருந்தன. கடைக்காரர் அச்சகத்தில் சத்தம் போட்டார். மெஷினில் இருந்த பெரியவர் அமைதியாகச் சொன்னார்: “ஃபைல்ல என்ன இருந்துச்சோ அதுதான் சார் தாள்ல வந்திருக்கு.” அவர் சொன்னதுதான் உண்மை. தவறு என்னுடையது.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. தாள், தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை மை விழுங்கியபின் மிஞ்சுவதைத் திருப்பித் தருகிறது. மெஜந்தா மை பச்சை ஒளியை மட்டும் விழுங்கினால் போதும். ஆனால் நடைமுறையில் அது நீல ஒளியிலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. சியான் மை சிவப்பை மட்டும் விழுங்க வேண்டும். அதுவும் பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டாகும் ஊதா வகை நிறங்கள் எல்லாமே அதனால் அழுக்கேறித்தான் பிறக்கும். வாடாமல்லி, கத்தரிப்பூ, மயில்கழுத்து, ராமர் நீலம் என்று நம் புடவைக் கடைகள் போற்றும் நிறங்களில் பலவும் நாலு கலர் அச்சின் எல்லைக்கு வெளியே நிற்பவை. மெஷின்மேன் எவ்வளவு திறமைசாலியானாலும் இதை மாற்ற முடியாது. கோப்பு கையைவிட்டுப் போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

முன்பு அதைத் தெரிந்து வைத்திருந்த ஓர் ஆள் இருந்தார். ஓவியருக்கும் அச்சகத்துக்கும் நடுவே அமர்ந்து நிறத்தைப் பிரித்துக் கொடுத்தவர். அந்த வேலை மெல்ல மெல்லக் கரைந்து, வரைகிறவரின் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. வேலை வந்த அளவுக்கு அதன் அறிவு வரவில்லை. டிஜிட்டல் ஓவியத்தை அச்சுக்குத் தயார் செய்வது பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்து கிளம்புபவை என்றே நினைக்கிறேன்.

ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது நிறம் பிரிப்பது முழுக்கக் கண்ணும் கையும் செய்த வேலை. மூல ஓவியத்தை உற்றுப் பார்த்து, எந்த நிறம் எங்கே எவ்வளவு என்று தீர்மானித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் வரைந்தார்கள். அதே காலத்தில் கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, சத்யஜித் ராயின் பாட்டனார், புகைப்படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் சொந்தமாக ஆராய்ச்சி செய்தார். இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டுமலரில் அது பற்றிக் கட்டுரைகள் எழுதினார். குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் வரைந்து, அந்தப் படம் தாளில் எப்படி விழும் என்ற கணக்கையும் தானே போட்ட மனிதர். இன்று ஒரு டிஜிட்டல் ஓவியர் யாரைப் போல் ஆக வேண்டும் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள் காலண்டர்களாக வீடு வீடாகப் போயின. அந்த மூலப் படங்களுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் கேமரா அறை இருந்தது, ரீடச்சிங் ஓவியர்கள் இருந்தார்கள், பிறகு டிரம் ஸ்கேனர் வந்தது. ஸ்கேனிங் சென்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு எந்தத் தாள், எந்த மெஷின், எந்த மை என்பதெல்லாம் மனப்பாடம். 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டரும் ஆல்டஸின் பேஜ்மேக்கரும் சேர்ந்து டிடிபி என்ற புதுத் தொழிலைக் கொண்டுவந்தன. 1995வாக்கில் கணினியிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் சிடிபி கருவிகள் சந்தைக்கு வந்தன. பிலிம் போனது. பாசிட்டிவைக் கண்ணாடி மேஜையில் வைத்துப் பார்த்து, “இது சரியா வராதே” என்று தடுத்த கடைசி ஆளும் அதோடு போனார்.

ஆகவே, கோப்புத் தயாரிப்பு தாளிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். எந்தத் தாள், எந்த மெஷின் என்று தெரியாமல் திறக்கும் கேன்வாஸில் எடுக்கும் முடிவுகள் பாதி ஊகமே. ஒரே ஓவியம் நாளிதழுக்குப் போவது வேறு, மேப்லித்தோவுக்குப் போவது வேறு, ஆர்ட் பேப்பருக்குப் போவது வேறு. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சி விரிக்கும். கோப்பில் 50 சதவீதமாக இருந்த புள்ளி அங்கே 76 சதவீதம் அளவுக்குக் கனத்துத் தெரியும். ஆர்ட் பேப்பரில் அதே புள்ளி 65 வாக்கில் நிற்கும். டாட் கெயின் என்று அச்சகத்தார் சொல்வது இதைத்தான். முகத்தின் நிழல் பகுதி நாளிதழில் கரியாகப் போவதற்கு இதுவே காரணம்.

எத்தனை பிக்சல் வேண்டும் என்ற கேள்விக்கும் புள்ளியே பதில் சொல்லும். நாளிதழ்கள் பொதுவாக அங்குலத்துக்கு 85 முதல் 100 வரிசைப் புள்ளிகளோடு அச்சாகின்றன. நல்ல ஆர்ட் பேப்பர் வேலை 150 முதல் 175. ஒரு வரிசைப் புள்ளிக்கு ஒன்றரை முதல் இரண்டு பிக்சல் இருந்தால் போதும். 150ஐ இரண்டால் பெருக்கினால் வருவதுதான் எல்லோரும் மந்திரம் போல ஒப்பிக்கும் 300. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவருக்கு, நாளிதழ் விளம்பரத்துக்கு 200 போதும் என்பதும், நுண்கோட்டுச் சித்திரத்துக்கு 300 போதவே போதாது என்பதும் தானே விளங்கும். பேனாக் கோட்டோவியத்தைப் புள்ளியாக உடைக்காமல் தூய கறுப்பாக விட வேண்டும். அதற்கு 1200 தேவை. பத்துக்கு இருபது அடி ஃபிளெக்ஸ் பேனருக்கு 300 என்று கேட்பவர் 259 கோடி பிக்சல் கேட்கிறார். சாலைக்கு எதிர்ப்புறமிருந்து பார்க்கும் படத்துக்கு முழு அளவில் 72 தாராளம்.

கோப்பின் தகவல் பெட்டியில் 300 என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. 4000க்கு 3000 பிக்சல் கொண்ட கைபேசிப் படம் 13 அங்குலம் வரை நன்றாக அச்சாகும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 பிக்சல் வாக்கில் சுருங்கி, 5 அங்குலத்துக்கே போதுமானதாகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன்! ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக நறுக்கிச் சுருக்குகிறது. ஒவ்வொரு முறை திறந்து திருத்திச் சேமிக்கும்போதும் அந்தக் கட்டங்களின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். வேலை நடக்கும் வரை டிஃப் அல்லது மென்பொருளின் சொந்தக் கோப்பாகவே வைத்திருப்பது நல்லது.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்கள் பல 1024 பிக்சல் சதுரமாக வருகின்றன. 300 கணக்கில் மூன்றரை அங்குலத்துக்கும் குறைவு. எட்டரை அங்குல உயரமுள்ள டெமி புத்தக அட்டைக்கு 2550 பிக்சல் வேண்டும். பெருக்கித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றனதான். ஆனால் அவை இல்லாத விவரத்தைக் கற்பனை செய்து நிரப்புபவை. மேகத்துக்கும் மரத்துக்கும் அது பரவாயில்லை. பழைய குடும்பப் புகைப்படத்தில் இருக்கும் பாட்டியின் முகத்துக்கும், கல்வெட்டுப் படத்துக்கும் அதைப் பயன்படுத்துவதை நான் ஒப்பமாட்டேன். எழுத்து வேறு எழுத்தாகும். முகம் வேறு முகமாகும்.

சரிகை நெசவுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நாலு மைகளின் புள்ளி வரிசைகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வெவ்வேறு சாய்வில் வைக்கிறார்கள்: பொதுவாக கறுப்பு 45 பாகை, சியான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0. புடவையின் இழைகளே ஒரு வரிசைதான் என்பதால் புள்ளி வரிசையோடு அது சண்டை பிடித்து, நெசவிலேயே இல்லாத அலை அலையான கோலத்தைத் தாளில் உண்டாக்கிவிடும். இதை மொய்ரே என்பார்கள். படத்தின் அளவைச் சற்று மாற்றியோ, துணியைக் கொஞ்சம் திருப்பிப் படமெடுத்தோ குறைக்கலாம். வரிசையே இல்லாமல் புள்ளிகளைச் சிதறவிடும் எஃப்எம் ஸ்கிரீனிங் இதை அடியோடு தீர்க்கிறது; எல்லா அச்சகத்திலும் அது கிடைக்காது.

நிறமாற்றம்தான் இந்தத் துறையில் ஓயாத விவாதம். ஆர்ஜிபியாக வரைந்ததை சிஎம்ஒய்கேவாக எப்போது மாற்றுவது, யார் மாற்றுவது? ஆரம்பத்திலேயே மாற்றிவிடு என்பது பழைய டிடிபி மரபு. கடைசி வரை ஆர்ஜிபியாகவே வைத்து, பிளேட் எடுக்கும் இடத்தில் மாற்றட்டும் என்பது ஐரோப்பாவின் பெரிய அச்சகங்கள் வளர்த்த மரபு. 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கி, ஒவ்வொரு கருவியின் நிற எல்லையையும் எழுதிவைக்கும் புரொஃபைல் முறையைக் கொண்டுவந்த பிறகு இரண்டாவது வழி சாத்தியமாயிற்று. அந்த அச்சகத்தில் ஒரு நிற நிபுணர் இருப்பார் என்ற நம்பிக்கையில் நிற்கும் வழி அது. நம் ஊர் நடுத்தர அச்சகத்தில் ஆர்ஜிபி கோப்பைக் கொடுத்தால், டிடிபி அறையில் இருக்கும் தம்பி மெனுவில் ஒரு தட்டுத் தட்டி மாற்றிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே நாளில் அவர் கையில் கல்யாணப் பத்திரிகையும் மாத்திரை டப்பாவும் பாடப் புத்தகமும் இருக்கும்.

அந்த ஒரு தட்டில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். போட்டோஷாப்பை நிறுவியபின் யாரும் நிற அமைப்பைத் தொடாமல் விட்டிருந்தால், பெரும்பாலும் அதில் அமெரிக்க ஸ்வாப் புரொஃபைல் இருக்கும். அது அமெரிக்காவில் ரோல் காகிதத்தில் ஓடும் பத்திரிகை மெஷின்களுக்காக எழுதப்பட்டது. சிவகாசியில் ஷீட் மெஷினில் ஓடும் ஆர்ட் பேப்பருக்கு அது பொருந்தாது. ஃபோக்ரா39 போன்ற ஒன்று அதைவிட நெருங்கி வரும். கொடுக்க வேண்டிய புரொஃபைல் எது என்று அச்சகத்தைக் கேட்பதே முதல் வேலை. பதில் கிடைக்காவிட்டால், அதே தாளில் அவர்கள் அடித்த பழைய வேலை ஒன்றை வாங்கித் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

என் முடிவு இது. ஓவியத்தின் மூலக் கோப்பு எப்போதும் ஆர்ஜிபியாகவே இருக்கட்டும். சிஎம்ஒய்கே ஆனபின் இழந்த நிறம் திரும்ப வராது. ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக, கடைசியில், ஓவியரே கண்ணால் பார்த்து ஒருமுறை மாற்றட்டும். தட்டையான நிறங்கள், எழுத்து, சின்னம் ஆகியவற்றை முதலிலிருந்தே சிஎம்ஒய்கே எண்களால் கட்டட்டும். திரையின் தூய நீலம் ஸ்வாபில் மாறினால் சியான் 88, மெஜந்தா 77 என்று வரும். தாளில் அது நீலமாகவே இராது, ஊதாவாகத் தெரியும். மெஜந்தாவை 50க்குக் கீழே கையால் இறக்கினால்தான் இரவு வானம் இரவு வானமாக நிற்கும். எந்திரம் இந்த முடிவை எடுக்காது. அது எண்ணுக்கு எண் நெருங்கப் பார்க்கும்; படத்தில் எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. கலைஞர்கள் தாமே விற்கும் இங்க்ஜெட் பிரதிகளுக்கு மட்டும் இந்த விதி வேறு. எட்டு, பத்து, பன்னிரண்டு மைகள் கொண்ட அந்தக் கருவிகளுக்கு அகன்ற ஆர்ஜிபியையே கொடுக்க வேண்டும்.

அச்சில் படம் இருட்டாக வந்துவிட்டது என்ற புகார் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியதே அல்ல. திரையின் வெளிச்சம் முழுதாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

கறுப்பு எளிய நிறம் என்று தோன்றும். அதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. திரையில் வரைந்த கறுப்பு, மாற்றத்துக்குப் பின் நாலு மைகளின் கலவையாகிவிடும். பெரிய பின்னணிக்கு அது நல்லதே. தனிக் கறுப்பு மை பரந்த இடத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் என்பதால், சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று அடியில் கொஞ்சம் கலந்து கொடுக்கிறார்கள். நாலு மையும் நூறு நூறாக 400 போட்டால் காயாது. அடுக்கில் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பருக்கு மொத்தம் 300 முதல் 330, செய்தித்தாளுக்கு 240 என்று ஓர் எல்லை வைத்திருப்பது அதனால்தான். படிக்கும் எழுத்துக்கோ ஒரே கறுப்பு, அதுவும் கீழே உள்ள நிறத்தின்மேல் அப்படியே விழும் ஓவர்பிரின்ட். நாலு மையில் கட்டிய பத்து பாயின்ட் எழுத்து, மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் முடியளவு விலகினாலும் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகக் கசியும். அதே ஓவர்பிரின்ட் கட்டளை வெள்ளை எழுத்தின்மேல் தவறுதலாக ஏறியிருந்தால், வெள்ளைக்கு மை இல்லையாதலால் எழுத்தே காணாமல் போகும்.

தமிழ் எழுத்துக்கு இதெல்லாம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். நம் மெய்யெழுத்துகள் ஒரு சிறு புள்ளியை நம்பி நிற்கின்றன. கனமான பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஏழு பாயின்ட் அளவில் கொடுத்தால் சுற்றியுள்ள மை உள்ளே பாய்ந்து அந்தப் புள்ளியை மூடிவிடும். ‘ண’வின் சுழிகள் அடைத்து ‘ன’ ஆகும். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் சொல்லும் குறைந்தபட்ச அளவை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவைக் கூட்டியோ, தடித்த எழுத்துருவை எடுத்தோ, ஒரே மையின் பின்னணியில் வைத்தோதான் காப்பாற்ற முடியும். மருந்துப் பெட்டியிலும் உரப் பையிலும் இதைக் கவனிக்காமல் விடுவது படிக்கிறவருக்குச் செய்யும் தீங்கு.

எழுத்துருக் குறியீடு தனிக்கதை. யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டு டிடிபி உலகம் பேஜ்மேக்கரைச் சுற்றி வளர்ந்தது. 2001இல் வந்த அதன் கடைசிப் பதிப்பான 7க்கும் யூனிகோட் தெரியாது. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்து எழுத்துரு விற்றது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று குறியீடுகளைத் தரப்படுத்தியும், 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றும், பழைய எழுத்துருக்கள் அச்சகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். யூனிகோட் கோப்புக்கு வேறு விதமான விபத்து: இன்டிசைனில் வேர்ல்ட்ரெடி கம்போசர் போடாமல் விட்டால், போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத ஊரில் அச்சாகும் விளம்பரப் பலகைகளில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது, நெஞ்சு பதறுகிறது.

ஆகவேதான் “கர்வ் பண்ணிட்டீங்களா?” என்பது நம் அச்சகங்களின் முதல் கேள்வி. எழுத்தை வளைகோட்டு வடிவமாக மாற்றிவிட்டால் எங்கே திறந்தாலும் உடையாது. அட்டைக்கும் போஸ்டருக்கும் இது சரியான பாதுகாப்பு. ஆனால் வடிவமாக ஆன எழுத்து எழுத்தல்ல. தேட முடியாது, திருத்த முடியாது. பதிப்பகம் ஒன்று மூலக் கோப்பைத் தொலைத்துவிட்டு, கர்வ் செய்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மறுபதிப்புக்கு வந்தது. ஒரு சொல்லில் விட்டுப்போன ஒற்றைச் சேர்க்க, பக்கத்து வரிகளிலிருந்து வடிவங்களை வெட்டியெடுத்து ஒட்டினேன். இப்படி 40 இடம். புத்தகத்தின் உள்பக்கங்களுக்கு எழுத்துருவை உள்ளே பொதித்த பிடிஎஃப் கொடுப்பதே முறை. எழுத்து உயிரோடு இருக்கும் கோப்பு ஒன்று எப்போதும் தனியாக இருக்க வேண்டும்.

வெட்டும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தி ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகும். ஓரம்வரை வரும் படத்தை 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டுங்கள், எழுத்தை அதைவிட அதிகமாக உள்ளே தள்ளுங்கள். முதுகுக்குத்தான் கணக்கு வேண்டும். 320 பக்கம் என்றால் 160 தாள். தாளின் கனம் 0.09 மில்லிமீட்டர் என்றால் முதுகு 14.4, 0.1 என்றால் 16. ஒரே 70 ஜிஎஸ்எம் என்று சொல்லப்படும் இரண்டு மில் காகிதங்களுக்குள் இந்த வித்தியாசம் வரலாம். அச்சகம் வாங்கி வைத்திருக்கும் அதே தாளில் டம்மி கட்டி அளப்பதற்கு முன் அட்டையை முடிக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து கொடுக்கும் கோப்பு பிடிஎஃப்பாக இருக்கட்டும், அதிலும் அச்சுக்கென்றே ஐஎஸ்ஓ வகுத்த பிடிஎஃப்/எக்ஸ் வகை. எக்ஸ்-1ஏ எல்லாவற்றையும் சிஎம்ஒய்கேவாக்கி, ஒளிபுகும் நிழல்களைத் தட்டையாக்கிவிடும். பழைய மெஷின்கள் அதைச் சண்டையின்றி ஏற்கும். எக்ஸ்-4 ஒளிபுகும் அடுக்குகளை அப்படியே வைத்திருக்கும், தட்டையாக்கும்போது தோன்றும் வெள்ளை மயிரிழைக் கோடுகள் வராது. அச்சகம் ஏற்குமென்றால் எக்ஸ்-4தான் என் தேர்வு.

இவ்வளவுக்குப் பிறகும் புரூஃப் வேண்டும். கைபேசியில் வந்த படத்தைப் பார்த்து “ஓகே” சொல்வது புரூஃப் பார்ப்பதல்ல. அதே தாளில், பகல் வெளிச்சத்துக்கு இணையான 5000 கெல்வின் விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டால் கையில் இருக்கும் சுதந்திரம் சொற்பம். மையைக் கூட்டிக் குறைக்கும் சாவிகள் தாள் ஓடும் திசையில் பட்டை பட்டையாக வேலை செய்பவை. ஒரு புடவைக்காக மெஜந்தாவை ஏற்றினால், அதே பட்டையில் மேலே இருக்கும் பெண்ணின் முகமும் சிவந்துவிடும்.

அடுத்த ஆண்டுக் கையேட்டை அந்தக் கடைக்காரர் மறுபடியும் என்னிடமே கொடுத்தார். முதலில் அச்சகத்துக்குப் போய் அந்தப் பெரியவரோடு உட்கார்ந்தேன். ஊதா வகையில் மொத்தம் ஆறு புடவை. பக்கங்களை மாற்றி அடுக்கி, ஆறும் ஒரே அச்சுத் தாளின், அதாவது ஃபார்மின், ஒரே பக்கத்தில் விழும்படி செய்தோம். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஐந்தாவது பிளேட். கலந்து வாங்கிய ஊதா மை. அதற்கெனத் தனிச் சேனல் செய்து, எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று ஒவ்வொரு மடிப்பாக நானே வரைந்தேன், கல்லில் வரைந்தவர்களைப் போல. மெஷின் ஓடிய அன்று கடைக்காரர் வாடாமல்லிப் புடவையையே பையில் கொண்டுவந்திருந்தார். ஜன்னலோரம் ஈரம் காயாத தாளையும் புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். பட்டின் பளபளப்பு தாளில் வரவில்லை. நிறம் வந்திருந்தது.